பழைய வீட்டு அஸ்திவாரத்தில் டிராக்டர் ஷெட்... கல்லை நம்பும் முன் மண்ணைப் பாருங்கள்!

“தாத்தா கட்டிய ஓட்டு வீடு இடிந்துவிட்டது. கருங்கல் அஸ்திவாரம் மட்டும் அசையாமல் நிற்கிறது. அதன் மேலேயே தூண் நிறுத்தி, தகரம் போட்டு டிராக்டரை விடலாமா?” என்று கேட்டிருக்கிறார், தோவாளைப் பக்கத்து வாசகர் ஒருவர்.

கன்னிப்பூ, கும்பப்பூ என இரண்டு பூ நெல் விளையும் நாஞ்சில் நாட்டில், மழையும் இரண்டு பருவமும் பெய்கிறது. டிராக்டரும் ரோட்டவேட்டரும் நனைந்து துருப்பிடிக்காமல் இருக்க ஷெட் தேவைதான். பழைய அஸ்திவாரத்தையும் பயன்படுத்தலாம். ஆனால், ‘கல் தாங்கும்’ என்ற நம்பிக்கை இரண்டு இடங்களில் பொய்த்துப் போகும்.

சக்கரம் நிற்பது மண்ணில்!

வானம் தோண்டி, கருங்கல் அடுக்கிக் கட்டிய அஸ்திவாரம் சுவர்களைத் தாங்கத்தான். அறைக்குள் இருந்த தரை, கல்லுக்கு நடுவே கொட்டி நிரப்பிய மண். 45 முதல் 50 குதிரைத்திறன் கொண்ட டிராக்டர் சுமார் 2 டன் எடை. அதில் பாதிக்கு மேல் பின்சக்கரங்களில் இறங்கும். பெருச்சாளி வளை, கரையான் புற்று, மக்கிய வேர் எதுவும் அடியில் இருந்தால் தரை உள்வாங்கும்.

அதனால் முதலில் ஒரு மூலையில் சுவரை ஒட்டிச் சின்னக் குழி எடுத்து, கல்லின் ஆழத்தையும் அகலத்தையும் பாருங்கள். கல் இடுக்கில் உள்ள சாந்தை ஆணியால் சுரண்டுங்கள். மாவாக உதிர்ந்தால் அந்தப் பகுதியைப் பிரித்துத்தான் கட்ட வேண்டும். பிறகு தரை முழுக்கக் கடப்பாரையால் குத்திப் பாருங்கள். ‘டொம்’ என்று கேட்கும் இடத்தைத் தோண்டிவிடுங்கள். பழைய கக்கூஸ் குழி, நிலவறை இருந்த இடம் எது என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கிணற்று விளிம்பை ஒட்டிச் சக்கரம் போகவே கூடாது.

அறைகளைப் பிரித்த குறுக்குச் சுவர்களின் கல்லை, தரை மட்டத்திலிருந்து 1 அடி ஆழத்துக்கு எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் கல் உள்ள இடம் நிற்கும், மண் உள்ள இடம் இறங்கும். நடுவில் கான்கிரீட் வெடிக்கும். பிறகு கிராவல் மண்ணை அரை அடி அரை அடியாகப் போட்டு, நீர் தெளித்து, திமிசு போட வேண்டும். அதன் மேல் 5 அல்லது 6 அங்குலக் கான்கிரீட் போடலாம்.

காற்று தூக்குவது கூரையை!

பழைய வீட்டில் பாரம் கீழ்நோக்கித்தான் இறங்கியது. தகரக் கொட்டகைக்குப் பாரமே கிடையாது. காற்று அதை மேல்நோக்கித் தூக்கும். 2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயல் வந்தபோது காற்றின் பலம் என்ன என்பதை இந்த மாவட்டமே பார்த்தது. பழைய கல்கட்டின் மேல் போல்ட் அடித்துத் தூண் நிறுத்தினால், கல்லோடு சேர்ந்து பிடுங்கிக்கொள்ளும்.

ஒவ்வொரு தூணுக்கும் தனி கான்கிரீட் அடித்தளம் வேண்டும். 2 அடி நீளம், 2 அடி அகலம், 3 அடி ஆழம் என்றால் 12 கன அடி. சுமார் 800 கிலோ. கூரையைப் பிடித்து வைப்பது இந்தக் கனம்தான். ஷெட்டின் அளவைப் பொறுத்து இது கூடும் என்பதால் பொறியாளர் ஒருவரிடம் காட்டிவிடுங்கள். குழியைப் பழைய அஸ்திவாரத்தை ஒட்டி, அதைவிட ஆழமாகத் தோண்டாதீர்கள்; அடியில் மண் சரிந்து கல்கட்டே சாயும்.

ஏறுவதற்கும் வழி வேண்டும்

பேஸ்மட்டம் 2 அடி உயரம் என்றால், சாய்தளம் குறைந்தது 16 அடி நீளம் இருக்கட்டும். செங்குத்தாகப் போட்டால், பின்னால் கருவியோடு ஏறும் டிராக்டரின் முன்சக்கரம் தூக்கும். குறுக்குச் சுவரில் எடுத்த கல்லையே இந்தச் சாய்தளத்தின் பக்கச் சுவருக்கு வைக்கலாம். மிச்சம் கையாலைக்கு ஆகும். பேஸ்மட்டத்தை வெட்டித் தாழ்த்தினால் ஏறுவது எளிது. ஆனால் ஐப்பசி மழையில் தண்ணீர் உள்ளே வந்துவிடும்.

வாசகர்கள் கேட்ட மற்ற இரண்டு கேள்விகள்

இடிந்த சுவரின் செங்கல், ஓட்டுச்சில்லை நிரப்பலாமா?
நிரப்பலாம். சிறு துண்டுகளாக உடைத்து, மண்ணோடு கலந்து கெட்டிப்படுத்துங்கள். மரத்துண்டு ஒன்றுகூட உள்ளே போகக் கூடாது. கரையானுக்கு அதுவே விருந்து.

ஷெட்டில் வெல்டிங் பட்டறை வைத்தால் வீட்டு மின் இணைப்பு போதுமா?
தொழிலாக நடத்தினால் வீட்டுக் கட்டணம் செல்லாது. விவசாய பம்புசெட்டின் இலவச மின்சாரத்தையும் எடுக்கக் கூடாது. மின்வாரிய அலுவலகத்தில் தனி இணைப்பு கேளுங்கள்.

கடைசியாக ஒன்று. தாத்தா வீட்டு மனை பாகம் பிரிக்காமல் இருந்தால், கல்லைத் தொடும் முன் பங்காளிகளிடம் எழுதி வாங்கிவிடுங்கள். 1956-க்கு முந்தைய பத்திரம் மலையாளத்தில் இருந்தால், படிக்கத் தெரிந்தவரிடம் கொடுத்து எல்லையைச் சரிபாருங்கள். ஊராட்சி அனுமதியையும் கேட்டுக்கொண்டு வேலையைத் தொடங்கினால், தாத்தா போட்ட கல் இன்னொரு தலைமுறைக்கும் உதவும்.