அகப்பெயரும் புறப்பெயரும்: பகிர்வு நிரலகங்களில் வெளியிடு பெயர்களின் மேலாண்மை – மொன்றியல் பட்டறிவும் தமிழ்க் கணிமையும்

ஆய்வுச் சுருக்கம்

எழுத்துப் பிரிப்பு, சந்திப் பிழை திருத்தம், அகரவரிசைப்படுத்தல் முதலிய தமிழ்க் கணிமைப் பணிகளைப் பல செயலிகள் பொதுவாகப் பயன்படுத்தும் பகிர்வு நிரலகங்களாக அமைப்பதே பயன்மிக்கது. அவ்வாறு அமைக்கும்போது எந்தப் பெயர்களை வெளியுலகுக்குக் காட்டுவது, எவற்றை உள்ளே மறைப்பது என்னும் முடிவு அந்நிரலகத்தின் ஆயுளையே தீர்மானிக்கிறது. லினக்ஸ், விண்டோஸ், மேக் ஆகிய மூன்று இயங்குதளங்களும் இதில் வெவ்வேறு மரபுகளைக் கொண்டுள்ளன. அம்மரபுகளை விளக்கி, மொன்றியலில் உருவான எல்டிடிஎன்ஜி நிரலகத்தின் பட்டறிவிலிருந்து தமிழ் நிரலாளர் கொள்ளத்தக்கவற்றை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

1. முன்னுரை

வாழ்வியலை அகம் என்றும் புறம் என்றும் பகுத்து நோக்கியது தமிழ் மரபு. நிரலகத்திற்கும் அப்பகுப்பு பொருந்தும். சி மொழியில் எழுதப்பட்ட ஒரு நிரலகத்தில் நூற்றுக்கணக்கான செயற்கூறுகள் இருக்கலாம். அவற்றுள் பிறர் அழைப்பதற்காக அமைந்தவை சிலவே. ஏனையவை அந்நிரலகம் தன் வேலையைச் செய்துகொள்வதற்கானவை. முன்னவற்றின் பெயர்களை இக்கட்டுரை புறப்பெயர் என்றும், பின்னவற்றின் பெயர்களை அகப்பெயர் என்றும் வழங்குகிறது.

புறப்பெயர் ஒவ்வொன்றும் ஒரு வாக்குறுதி. அதை நம்பிப் பிறர் நிரல் எழுதிவிட்ட பின் அதை நீக்கவோ, அதன் பொருளை மாற்றவோ இயலாது. அகப்பெயர் தவறுதலாக வெளியே தெரிந்துவிட்டால், கொடுக்க நினையாத வாக்குறுதிக்கும் நாம் கட்டுப்பட நேரும்.

2. மூன்று இயங்குதளங்கள், மூன்று மரபுகள்

லினக்ஸ் கையாளும் எல்ஃப் கோப்பு வடிவத்தில், ஒரு கோப்புக்குள் மட்டும் அடங்குவதாக அறிவிக்கப்படாத எல்லாச் செயற்கூறுகளின் பெயர்களும் இயல்பாகவே வெளியே தெரியும். விண்டோஸின் டிஎல்எல் கோப்புகளில் நிலைமை நேர்மாறானது. மைக்ரோசாஃப்டின் தொகுப்பியைப் பயன்படுத்தினால், நிரலில் வெளிப்படையாக அறிவித்த பெயர்களோ, தனியான வரையறைக் கோப்பில் பட்டியலிட்ட பெயர்களோ மட்டுமே வெளிவரும். மேக்கின் மாக்-ஓ வடிவம் லினக்ஸைப் போலவே எல்லாவற்றையும் வெளிக்காட்டும்; ஆயினும் பெயர்களைத் தேடும் முறையில் விண்டோஸை ஒத்தது.

இத்தேடும் முறையே பெரும் சிக்கலுக்கு இடம் தருகிறது. விண்டோஸிலும் மேக்கிலும், அழைக்கும் நிரல் பெயரோடு அது எந்த நிரலகத்தைச் சேர்ந்தது என்பதையும் குறித்து வைத்துக்கொள்கிறது. லினக்ஸில் பெயர் மட்டுமே குறிக்கப்படும். இயங்குநிலை ஏற்றி முதன்மை நிரலில் தொடங்கி, ஏற்றப்பட்ட நிரலகங்களை வரிசையாகத் தேடி, முதலில் அகப்படும் பெயரையே எடுத்துக்கொள்ளும்.

ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்கலாம். ஒரு சொற்பிழை திருத்தியும் ஓர் அகராதித் தேடு கருவியும் தனித்தனி நிரலகங்களாக உள்ளன எனக் கொள்வோம். இரண்டிலும் ‘எழுத்தெண்’ என்னும் ஒரே பெயரில் ஒரு செயற்கூறு உள்ளது. முதலாவது யூனிக்கோடு குறியெண்களை எண்ணுகிறது. இரண்டாவது தமிழ் எழுத்துகளை எண்ணுகிறது. ‘தமிழ்’ என்னும் சொல்லுக்கு முன்னது 5 என்றும், பின்னது 3 என்றும் விடை தரும். ஒரு செயலி தொடங்கும்போதே இரண்டு நிரலகங்களும் ஏற்றப்பட்டால், லினக்ஸில் முதலில் ஏறியதன் செயற்கூறே இரண்டுக்கும் வழங்கப்படும். இரண்டாவது நிரலகம் தன் சொந்தச் செயற்கூற்றை அழைப்பதாக எண்ணிக்கொண்டு மற்றதனை அழைக்கும். பிழைச் செய்தி எதுவும் தோன்றாது. விடை மட்டும் தவறாக வரும். அதே மூலநிரல் விண்டோஸில் சரியாக இயங்கும். ஆகவே ஓர் இயங்குதளத்தில் சோதித்துவிட்டு அமைதியடைவது போதாது.

3. மறைத்தலும் திறத்தலும்

2005இல் வெளிவந்த ஜிசிசி தொகுப்பியின் 4.0 பதிப்பு, எல்லாப் பெயர்களையும் இயல்பாக மறைத்துவிட்டு, வேண்டியவற்றை மட்டும் திறக்கும் வசதியை ஒரு கட்டளைத் தெரிவாக வழங்கியது. இதனால் லினக்ஸும் மேக்கும் விண்டோஸின் ‘கேட்டால் மட்டுமே திறக்கும்’ மரபுக்கு வர முடிந்தது. தலைப்புக் கோப்பில் ஒரே ஒரு பெருநிரலை வரையறுத்து, அது இயங்குதளத்திற்கேற்ற அறிவிப்பாக விரியுமாறு செய்தால், புறப்பெயர்களை அறிவிக்க மூன்று தளங்களுக்கும் ஒரே மூலநிரல் போதும்.

மறைத்தலால் வேறு நன்மைகளும் உண்டு. அகப்பெயர்களுக்கான அழைப்புகள் இடைநிலை அட்டவணையின்றி நேரடியாகச் செல்லும். ஏற்றும் நேரமும் பெயர் அட்டவணையின் அளவும் குறையும். எனினும் ஓர் எச்சரிக்கை தேவை. நம் நிரலகத்திற்குள் நிலையாகப் பிணைக்கப்படும் பிறரது நிரலகங்களின் பெயர்களும் வெளியே கசியக்கூடும். இதனைத் தடுக்க இணைப்பிக்குத் தனிக் கட்டளையோ, புறப்பெயர்ப் பட்டியலோ தரவேண்டும்.

4. மொன்றியல் பட்டறிவு

எல்டிடிஎன்ஜி என்பது லினக்ஸில் இயங்கும் நிரல்களின் நிகழ்வுகளை மிகக் குறைந்த சுமையுடன் பதிவுசெய்யும் தடமறி கருவித்தொகுதி. மொன்றியல் பொலித்தெக்னிக்கில் மத்தியு தெனுவாயே மேற்கொண்ட ஆய்விலிருந்து வளர்ந்த இதனை, அந்நகரில் உள்ள எஃபிசியோஸ் நிறுவனம் பேணிவருகிறது. இதன் வெளியீடுகளுக்குக் கியூபெக்கின் பியர் பெயர்களைச் சூட்டுவது வழக்கம்.

இத்தொகுதியின் ஒரு பகுதியான யுஎஸ்டி நிரலகம் பிறருடைய செயலிகளுக்குள் ஏறி அமர்ந்து பணியாற்றுவது. விருந்தினராகச் சென்ற வீட்டில் நம் பொருள்களை முற்றமெங்கும் பரப்பி வைப்பது முறையன்று. அதுபோல இத்தகைய நிரலகம் அகப்பெயர்களை வெளியே சிந்தக்கூடாது. ஆனால் ஆண்டுகள் பல சென்றபின் தனிப்பயன் பெயர்கள் பலவும் வெளியே தெரிந்தவாறே இருந்தன. 2021இல் வெளியான 2.13ஆம் பதிப்பில் இது சீர்செய்யப்பட்டது. தனிப்பயன் பெயர்களை வெளிக்காட்டுவது நிறுத்தப்பட்டது. புறப்பெயர்கள் அனைத்தும் நிரலகத்தின் பெயரையே முன்னொட்டாகப் பெற்றன.

இம்மாற்றத்திற்கு ஒரு விலை இருந்தது. நிரலகத்தின் முதன்மைப் பதிப்பெண் உயர்த்தப்பட்டமையால், அதனைப் பயன்படுத்திய செயலிகளை மீளத் தொகுக்க வேண்டியதாயிற்று. பழைய பெயர்களில் எழுதப்பட்ட மூலநிரல்கள் தொடர்ந்து தொகுக்கப்படுவதற்கான இணக்க வழியும் உடன் வைக்கப்பட்டது. தொடக்கத்தில் சில நாள் உழைப்பில் முடித்திருக்கக்கூடிய வேலை, பயனர் பெருகிய பின் அனைவரையும் தொடும் வேலையாகிறது என்பதே இதன் பாடம்.

பெயர்த் தேடலின் இந்நெகிழ்ச்சி முற்றிலும் தீமையானதும் அன்று. நினைவக ஒதுக்கீட்டுச் செயற்கூறுகளை இடைமறித்துப் பதிவுசெய்யும் துணை நிரலகம் ஒன்றும் இதே தொகுதியில் உள்ளது. லினக்ஸில் முதலில் அகப்படும் பெயரே வெல்லும் என்பதால்தான் அது இயங்குகிறது. ஒரே இயல்பு வேண்டி அமைத்தால் கருவியாகவும், அறியாது நேர்ந்தால் பிழையாகவும் மாறுகிறது.

5. பதிப்பு மாற்றமும் பெயர்களும்

லினக்ஸில் ஒரே பெயருக்குப் பல பதிப்புகளை ஒரே நிரலகத்தில் வைக்கலாம். குளிப்சியின் 2.14ஆம் பதிப்பில் நினைவகப் படியெடுப்புச் செயற்கூற்றுக்குப் புதிய பதிப்பு அமைந்தபோது, பழைய செயலிகளுக்குப் பழையதும் புதியனவற்றுக்குப் புதியதும் வழங்கப்பட்டன. விண்டோஸிலும் மேக்கிலும் பெயர்வாரியான இவ்வசதி இல்லை. எனவே பல தளங்களுக்கு எழுதுவோர் இதனை மட்டும் நம்பியிருக்க இயலாது.

ஐசியு நிரலகம் வேறு வழியை மேற்கொண்டது. ஒவ்வொரு செயற்கூற்றின் பெயரோடும் பதிப்பெண்ணைப் பின்னொட்டாகச் சேர்ப்பதால், பல பதிப்புகள் ஒரே செயலியில் மோதலின்றி வாழ இயலும். ஆனால் ஒவ்வொரு புதிய பதிப்புக்கும் மீளத் தொகுக்க வேண்டும். தமிழ் உள்ளிட்ட எழுத்துமுறைகளை வடிவமைக்கும் ஹார்ஃப்பஸ் இன்னொரு வழியைத் தேர்ந்தது. அதன் புறப்பெயர்கள் யாவும் ஒரே முன்னொட்டுடன் தொடங்குகின்றன. அவ்வாறல்லாத பெயர் வெளியே கசிந்தால் தானியங்குச் சோதனை தோல்வியடையும்.

6. தமிழ்ப் பெயர்களுக்கே உரிய சிக்கல்

செயற்கூறுகளுக்குத் தமிழிலேயே பெயரிடலாமா என்னும் வினா எழுவது இயல்பு. ஜிசிசி தன் 10ஆம் பதிப்பு முதல் யுடிஎஃப்-8 எழுத்துகளைப் பெயர்களில் நேரடியாக ஏற்கிறது. அந்தக் குறியாக்கத்தின் இணையத் தர ஆவணத்தை 2003இல் பதிப்பித்தவர் மொன்றியலின் அலிஸ் டெக்னாலஜிஸில் பணியாற்றிய பிரான்சுவா இயெர்ஜோ என்பதையும் இங்கு நினைவுகூரலாம்.

ஆயினும் இணைப்பி எழுத்தைப் பார்ப்பதில்லை, பைட்டுகளையே ஒப்பிடுகிறது. ‘கொ’ என்பதைக் ககரத்துடன் ஒரே ஒகரக் குறியாகவும் எழுதலாம். ஒற்றைக்கொம்பு, கால் என இரு குறிகளாகவும் எழுதலாம். யூனிக்கோடு விதிப்படி இரண்டும் சமமானவை, கண்ணுக்கும் ஒன்றே. ஆனால் முன்னது 6 பைட்டு, பின்னது 9 பைட்டு. தலைப்புக் கோப்பில் ஒருவகையும் நிரல் கோப்பில் மறுவகையும் தட்டப்பட்டால், கண்ணெதிரே உள்ள பெயரை இணைப்பி ‘இல்லை’ என்று சொல்லும். இக்காரணத்தால் புறப்பெயர்களை அடிப்படை இலத்தீன் எழுத்துகளிலும், அகப்பெயர்களைச் சேர்வடிவில் இயல்பாக்கிய தமிழிலும் அமைப்பது இப்போதைக்குப் பாதுகாப்பானது.

7. முடிவுரை

தமிழ் நிரலகம் ஒன்றைத் தொடங்குவோர் முதல் நாளிலேயே நான்கினைச் செய்தல் நன்று. முதலாவதாக, புறப்பெயர் அனைத்துக்கும் ஒரே முன்னொட்டை வகுக்க வேண்டும். இரண்டாவதாக, எல்லாவற்றையும் மறைத்துவிட்டு வேண்டியதை மட்டும் திறக்க வேண்டும். மூன்றாவதாக, புறப்பெயர்ப் பட்டியலை ஒரே கோப்பில் பேணி, மூன்று தளங்களுக்கும் உரிய கோப்புகளை அதிலிருந்தே உருவாக்க வேண்டும். நான்காவதாக, ஒவ்வொரு தொகுப்பின் முடிவிலும் உண்மையில் வெளிவந்த பெயர்களை லினக்ஸிலும் மேக்கிலும் என்எம் கருவியாலும், விண்டோஸில் டம்ப்பின் கருவியாலும் எடுத்து அப்பட்டியலோடு ஒப்பிட வேண்டும்.

தமிழ்க் கணிமையில் தன்னார்வலரின் உழைப்பே பெரும்பங்கு. அவர்தம் ஓய்வுநேரம் சிறிது. பத்துப் புறப்பெயர்களைப் பத்தாண்டு காப்பது அவர்களால் இயலும். நூறு பெயர்களைக் காப்பது அரிது. குறைவாக வாக்களித்து, வாக்களித்ததைத் தவறாது காக்கும் நிரலகமே பிறர் நம்பிக் கட்டுவதற்குரிய அடித்தளமாகும்.