கேள்விக்குறி எங்கே போடணும்?



போன வருஷம் மன்னவனூரில் எங்கள் குழு, பூண்டு சாகுபடிக்கு வாங்கிய கடன் சம்பந்தமாக வங்கிக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதியது. "வீ ஹேவ் டு பே திஸ் மந்த்." அவ்வளவுதான். இந்த மாசமே கட்டணுமா என்று கேட்டதாக நாங்கள் நினைத்தோம். கட்டப்போவதாகத் தகவல் சொல்கிறோம் என்று எடுத்துக்கொண்டு, அவர்கள் ஃபைலில் வைத்துவிட்டார்கள். பதிலுக்குக் காத்திருந்ததில் தவணை தள்ளிப்போய், தாமத வட்டியும் கட்டினோம்.

தப்பு எங்கே? தமிழில் 'கட்டணும்' என்பதோடு ஒரு 'ஆ' சேர்த்தால் போதும், 'கட்டணுமா' என்று கேள்வியாகிவிடும். எ, யா, ஆ, ஓ, ஏ என்று ஐந்து வினா எழுத்துகளை நன்னூல் சொல்கிறது. ஓலைச்சுவடியில் கேள்விக்குறியே கிடையாது, இருந்தும் கேள்வி புரிந்தது. ஆங்கிலத்தில் அந்த 'ஆ' இல்லீங்க. "டூ வீ ஹேவ் டு பே திஸ் மந்த்?" என்று முன்னால் 'டூ' வரணும், கடைசியில் கேள்விக்குறி வரணும்.

நம்ம ஊர் ஏரியையும் செம்மறி ஆட்டுப் பண்ணையையும் பார்க்க வருகிறவர்கள் "வேர் இஸ் தி லேக்?" என்று கேட்கிறாங்க. இது நேர்க்கேள்வி; குறி உண்டு. அதையே வீட்டில் போய்ச் சொன்னால், "ஹீ ஆஸ்க்ட் வேர் தி லேக் வாஸ்." இப்போ நாம் கேட்கவில்லை, அவர் கேட்டதைச் சொல்கிறோம். ஆகவே முற்றுப்புள்ளிதான். 'இஸ்' என்பது 'வாஸ்' ஆகி, 'லேக்'குக்குப் பின்னால் போய்விட்டதையும் பாருங்கள். "ஏரி எங்கே இருக்கிறது என்று கேட்டார்" என்று தமிழில் எழுதும்போதும் நாம் கேள்விக்குறி போடுவதில்லையே!

'எங்கே', 'எப்போது' போன்ற சொல் இல்லாமல், நம்ம 'ஆ' மட்டும் வரும் கேள்வி என்றால் அங்கே 'இஃப்' வரும். கடன் தயாரா என்று கேட்டார் என்பது "ஹீ ஆஸ்க்ட் இஃப் தி லோன் வாஸ் ரெடி."

நிறையப் பேர் தடுமாறுவது இந்த இடத்தில்தான். "ஐ வாண்ட் டு நோ வாட் தி இன்ட்ரஸ்ட் இஸ்." பதில் வேண்டித்தான் எழுதுகிறோம், ஆனாலும் முற்றுப்புள்ளி. 'தெரிந்துகொள்ள விரும்புகிறேன்' என்பது கேள்வி இல்லை. "கேன் யூ டெல் மீ வாட் தி இன்ட்ரஸ்ட் இஸ்?" என்றால் ஆரம்பமே கேள்வி. அதனால் குறி உண்டு.

அடுத்த கடிதத்தில், "ப்ளீஸ் டெல் அஸ் வென் தி நெக்ஸ்ட் இன்ஸ்டால்மென்ட் இஸ் டியூ." என்று முற்றுப்புள்ளி வைத்தே எழுதினோம். அந்த வாரமே தேதி எழுதிப் பதில் வந்துவிட்டது.