தறியும் துடிப்பும்

கல்முனையை அடுத்த மருதமுனையில் கைத்தறியின் ஓசை கேட்டு வளர்ந்தவன் நான். ஆயினும் அவ்வோசையின் பொருளை ஒருமுறை மறந்துபோனேன். அம்மறதி எனக்குப் புகட்டிய பாடத்தை வாசகர்க்குக் கூற விழைகின்றேன்.

வீட்டறையில் சிறியதொரு கணிப்பொறிப் பலகையை அமைத்திருந்தேன். இன்ரெல் நிறுவனம் 1976இல் வெளியிட்ட 8085 நுண்செயலியின் விரைவு மிக்க வகையே அதன் மூளை. கட்டளைகள் 2716 என்னும் நினைவகச் சில்லில் இருந்தன. இரண்டு நாளில் ஊர்ப் பிள்ளைகள் அதனைக் காண வருவதாக ஏற்பாடு. காலையில் பலகை பிழையின்றி இயங்கியது. உச்சிவெயிலில் கூரை கொதித்ததும் பிதற்றத் தொடங்கிற்று. மாலைக் கடற்காற்று வீச, மீண்டும் தெளிந்தது. கம்பிகளை மும்முறை பற்றவைத்தும் பயனில்லை.

மனஞ்சோர்ந்து அயல்வீட்டுத் தறியருகே போய் நின்றேன். நெசவுசெய்த காக்கா மிதியை அழுத்தினார். பாவு நூல்கள் விலகி வழிவிட்டன. அதன் பின்னரே நாடா பாய்ந்தது.

"தம்பி, பாவு முழுக்க விலகாம நாடாவ எறியக்கூடாது. நல்ல நூலெண்டு நம்பியும் எறியக்கூடாது. மழைக்காலத்து நூல் வேற, வெயில்காலத்து நூல் வேற" என்றார்.

அன்றிரவே தாளும் பென்சிலுமாக அமர்ந்தேன்.

நுண்செயலி முதலில் முகவரியை வெளியிடும். அதன் கீழ்ப்பாதி செல்லும் எட்டுக் கம்பிகளிலேயே விடையும் வரவேண்டுமாதலால், அப்பாதியைப் பிடித்துவைக்க ஒரு சில்லு வேண்டும். எந்த நினைவகம் விடைதர வேண்டுமெனத் தெரிந்தெடுக்க மற்றொரு சில்லு. இவ்விரு வேலையும் ஒருங்கே நடப்பன; ஆகவே மெதுவானதன் நேரத்தை மட்டும் கழித்தாற் போதும். அதற்கு 45 நானோசெக்கன் என்று கொண்டேன். நானோசெக்கன் என்பது ஒரு செக்கனின் நூறு கோடியில் ஒரு பங்கு.

முதல் வகை 8085இல் ஒரு துடிப்பு 320 நானோசெக்கன். இரண்டரைத் துடிப்பாகிய 800இலிருந்து செயலியின் சொந்தத் தாமதம் 225 போக, 575 எஞ்சும்; 45ஐயும் கழித்தால் 530. நினைவகம் கேட்பதோ 450. அங்கே இடையூறில்லை. என்னுடைய விரைவு வகையில் துடிப்பு 200. இரண்டரைத் துடிப்பு 500. அதில் 150 போக 350. 45 போக 305. நினைவகத்துக்கு 145 குறைகின்றது!

அப்படியாயின் காலையில் இயங்கியது எவ்வாறு? 450 என்பது மிகுதியாகச் செல்லக்கூடிய நேரம். பெரும்பாலான சில்லுகள் அதற்கு முன்பே விடை தந்துவிடும். அந்த நல்லியல்பையே நான் கணக்கென நம்பினேன். சூடு ஏற ஏறச் சில்லு மெதுவாகும். நண்பகலில் விடை பிந்தியது, செயலியோ பொறுக்கவில்லை. குறித்த கணத்தில் கம்பியில் இருந்ததையே விடையென எடுத்துக்கொண்டது.

பரிகாரம் எளியது. செயலியில் 'ரெடி' என்றொரு கம்பி உண்டு. அதனை உரிய வேளையில் தாழ்த்தினால் செயலி ஒரு துடிப்புக் காத்திருக்கும். 305உடன் 200 சேர, 505. நினைவகம் கேட்கும் 450க்குப் போக 55 மிச்சம்.

பிள்ளைகள் வந்தது நண்பகலில். வேண்டுமென்றே அந்நேரத்தைக் குறித்திருந்தேன். பலகை பிதற்றவில்லை. "இது ஏன் கொஞ்சம் மெதுவா ஓடுது?" என்று ஒரு சிறுமி கேட்டாள். பதில் கூறாது, அவர்களைத் தறியருகே அழைத்துச் சென்றேன்.