அருவிக்கரைக்கு ஒரு புதுப்புலன்

சாரல் காலத்தில் தென்காசியிலிருந்து குற்றாலம் சென்று பேரருவியின் அடியில் நிற்பவருக்கு, பக்கத்தில் நிற்பவர் உரக்கச் சொல்லும் வார்த்தைகூட விளங்குவதில்லை; அபாயக் குரலும் அப்படியே. 2024ஆம் ஆண்டு மே 17ஆம் தேதி, பழைய குற்றால அருவியில் திடீரெனப் பெருகிவந்த வெள்ளம் 17 வயது மாணவன் ஒருவனின் உயிரைக் கொண்டுபோயிற்று. மலைமேல் பெய்யும் மழையின் விளைவை, அது வந்து சேருமுன் அடிவாரத்தில் அறிந்துகொள்ளும் இந்திரியம் மனிதனுக்கு வாய்க்கவில்லை.

வாய்க்காத புலனைச் சாதனத்தால் சம்பாதிக்கலாம் என்பதை விஞ்ஞானிகள் நிரூபித்து அரை நூற்றாண்டுக்கு மேலாகிறது. 1969இல் அமெரிக்க அறிஞர் பால் பாக்-இ-ரீட்டா, காமிரா கண்ட காட்சியை நாற்காலியின் முதுகுச்சாய்வில் பதித்த 400 முனைகளின் அதிர்வாக மாற்றி, பார்வையற்றோர் ஸ்பரிசத்தாலேயே எதிரிலுள்ள பொருள்களை இனங்காணச் செய்தார். செய்தி எந்த வாயிலாக வந்தாலும், பழகப் பழக மூளை அதற்குப் பொருள் கண்டுகொள்கிறது. ஜெர்மனியின் ஓஸ்னாப்ரூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், வடதிசையை ஓயாமல் அதிர்வால் உணர்த்தும் இடைக்கச்சையை அணிவித்துப் பரிசோதித்தார்கள். தில்லி ஐ.ஐ.டி.யில் உருவாகி 2014இல் வெளிவந்த ஸ்மார்ட்கேன், வெள்ளைத் தடியில் பொருத்தப்படுவது. வௌவாலைப்போல மீயொலியை அனுப்பி எதிரொலியை வாங்கி, சாதாரணத் தடிக்கு அகப்படாத தாழ்ந்த மரக்கிளையையும் திறந்த ஜன்னல் கதவையும் 3 மீட்டர் தூரத்திலேயே கைப்பிடியின் அதிர்வால் அறிவிக்கிறது.

இம்மூன்றும் செவியை நாடாமல் சருமத்தை நாடியது விவேகமானது. பார்வையற்றவருக்குச் செவியே வழித்துணையாதலால், அதை ஒரு கருவியின் ஓசை ஆக்கிரமிப்பது உதவியாகாது. அருவிக்கரையிலோ எல்லோருடைய செவியும் இரைச்சலில் மூழ்கியிருக்கிறது. ஆகவே, மலையோடையில் நீர்மட்டம் உயர்ந்தவுடன் குளிப்போரின் மணிக்கட்டில் அதிர்ந்து எச்சரிக்கும் பட்டை ஒன்றை நாம் கற்பனை செய்யலாம். அது நீருக்கு ஈடுகொடுக்கவேண்டும். அடர்ந்த கானகத்திலிருந்து கம்பியின்றிச் செய்தி வந்தாகவேண்டும். ஓயாத அதிர்வுக்குத் தோல் மரத்துப்போவதாலும், பொய்யெச்சரிக்கை நம்பிக்கையைக் குலைப்பதாலும், மெய்யான அபாயத்துக்கு மட்டுமே அது பேசவேண்டும்.

தென்காசிக்கு அருகே மத்தளம்பாறையில் ஸோஹோ மென்பொருள் நிறுவனத்தின் பொறியாளர்கள் பணிபுரிகிறார்கள். பாளையங்கோட்டையில் பார்வையற்றோர் பள்ளியும் செவிப்புலன் அற்றோர் பள்ளியும் நெடுங்காலமாக இயங்கிவருகின்றன. ஒரு புலன் இன்றியே உலகை அறியப் பழகியவர்களை முதல் ஆலோசகர்களாக ஏற்று, நம் இளம் பொறியாளர்கள் இந்த எச்சரிக்கைப் பட்டையை உருவாக்கும் பணியில் இறங்கவேண்டும். வியப்பூட்டும் கருவியைவிட, உயிர் காக்கும் கருவியே நமக்கு முதலில் வேண்டும்.