அடுப்படியிலும் ஆண்டவர்



மன அமைதி வேண்டாம் என்று சொல்பவர் எவரும் இலர். ஆனால், அந்த அமைதி எங்கே கிடைக்கும் என்று கேட்டால், நம்மில் பலர் ஓர் இடத்தையோ ஒரு காலத்தையோதான் சுட்டிக் காட்டுவோம். மாதா கோயிலுக்குப் போனால் கிடைக்கும் என்போம். கடன் அடைந்தால் கிடைக்கும், மகளுக்குக் கலியாணம் முடிந்தால் கிடைக்கும், வேலையிலிருந்து ஓய்வு பெற்றால் கிடைக்கும் என்போம். கோயிலில் நாம் இருப்பதோ வாரத்தில் ஒரு மணி நேரம். கடன் இல்லாத காலமோ வந்தபாடில்லை.

அப்படியானால், விடியுமுன் எழுந்து உலை வைத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, பெரட்டுக்கு ஓடுகின்ற ஒரு தாய்க்குக் கடவுள் எப்போது கிடைப்பார்? காலையிலிருந்து செம்பனைக் குலை வெட்டித் தோள் நோக வீடு திரும்பும் ஒரு தந்தை எந்த நேரத்தில் அமைதியைத் தேடுவார்? வேலைக்கும் வழிபாட்டுக்கும் இடையில் ஒரு சுவர் உண்டா? இந்தக் கேள்விக்குக் கிறிஸ்தவ சமயம் தருகின்ற விடையைப் பற்றித்தான் இன்று சிந்திக்கப் போகிறோம்.

புதிய ஏற்பாட்டின் முதல் நூல் மத்தேயு எழுதிய நற்செய்தி. அதன் முதல் அதிகாரத்திலேயே இயேசுவுக்கு இம்மானுவேல் என்ற பெயர் சொல்லப்படுகிறது. கடவுள் நம்மோடு இருக்கிறார் என்பது அந்தப் பெயரின் பொருள். அந்த நற்செய்தி எப்படி முடிகிறது தெரியுமா? உலகம் முடியும்வரை எந்நாளும் உங்களோடு இருப்பேன் என்று இயேசு தம் சீடர்களுக்குக் கொடுத்த வாக்குறுதியோடு முடிகிறது. தொடக்கத்திலும் செய்தி அதுதான், முடிவிலும் அதுதான். கோயிலில் இருக்கும்போது மட்டும் உங்களோடு இருப்பேன் என்று அவர் சொல்லவில்லை. எந்நாளும் என்றுதான் சொன்னார்.

வாக்குறுதி இருக்கிறது. அதை வாழ்க்கையில் கண்டுணர்வது எப்படி? பெரிய பண்டிதர்களிடம் போக வேண்டியதில்லை. முந்நூறு ஆண்டுகளுக்கும் முன்பு பிரான்சு நாட்டில் வாழ்ந்த ஒரு சமையல்காரரின் கதையைக் கேட்டாலே போதும்.

அவர் பெயர் நிக்கோலாஸ் ஹெர்மன். 1614ஆம் ஆண்டளவில் லொரேன் பகுதியிலுள்ள ஒரு சிற்றூரில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். அதிகம் படித்தவர் அல்லர். அவருக்குப் பதினெட்டு வயது இருக்கும்போது ஒரு நிகழ்ச்சி நடந்தது. அது குளிர்காலம். இலையெல்லாம் உதிர்ந்து மொட்டையாக நின்ற ஒரு மரத்தை அவர் பார்த்தார். செத்துப் போனதுபோல் நிற்கும் இந்த மரம் இன்னும் கொஞ்ச நாளில் துளிர்க்குமே, பூக்குமே, காய்க்குமே என்று எண்ணினார். மொட்டை மரத்துக்குள்ளும் கடவுளின் ஆற்றல் ஓயாமல் வேலை செய்கிறது என்ற உணர்வு அவர் நெஞ்சில் ஆழப் பதிந்துவிட்டது. பிற்காலம் முழுவதும் அந்த உணர்வு அவரைவிட்டு நீங்கவேயில்லை.

நேயர்களே, பால்மரக் காட்டில் வேலை செய்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஆண்டுதோறும் பால்மரங்கள் இலை உதிர்த்து நிற்பதைப் பார்த்திருக்கிறோம். அந்த நாட்களில் மங்கில் பால் குறையும், வருமானமும் குறையும். ஆனாலும் மரம் பட்டுவிட்டது என்று யாரும் வெட்டிச் சாய்ப்பதில்லை. மீண்டும் துளிர்க்கும் என்று நமக்குத் தெரியும். நாம் ஆண்டுதோறும் பார்த்துப் பழகிய அதே காட்சிதான் அந்த இளைஞரைக் கடவுளிடம் அழைத்துச் சென்றது.

ஆனால், உடனே அவருக்கு அமைதி வந்துவிடவில்லை. அவர் படைவீரராகப் போனார். ஐரோப்பாவில் முப்பதாண்டுப் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. போரில் காயம்பட்டு ஊர் திரும்பினார். பிறகு பாரிஸ் நகரில் ஒரு பெரிய மனிதர் வீட்டில் எடுபிடி வேலை செய்தார். எடுத்ததையெல்லாம் போட்டு உடைக்கும் ஆளாக இருந்ததாக அவரே பின்னாளில் தம்மைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். 1640ஆம் ஆண்டில் பாரிஸிலுள்ள கார்மேல் சபை மடத்தில் சேர்ந்தார். படிப்பில்லாத காரணத்தால் குருவாகவில்லை. மடத்தின் வேலைகளைச் செய்கின்ற தொண்டுச் சகோதரராகத்தான் சேர்த்துக் கொண்டார்கள். அங்கே அவருக்குக் கிடைத்த பெயர் சகோதரர் லாரன்ஸ். கிடைத்த வேலை, சமையற்கட்டு வேலை.

சமையல் வேலை அவருக்குப் பிடித்தமான வேலையா என்றால், இல்லவே இல்லை. இயல்பிலேயே அதில் அவருக்கு வெறுப்பு இருந்தது. ஆனாலும் பல ஆண்டுகள் அந்த அடுப்படியில் நின்றார். ஒருவர் இதைக் கேட்பார், இன்னொருவர் அதைக் கேட்பார், பாத்திரங்கள் உருளும், புகை கண்ணைக் கரிக்கும். அந்தச் சந்தடிக்கு நடுவிலும், கோயிலில் முழந்தாளிட்டு இருக்கும்போது எவ்வளவு அமைதியாகக் கடவுளோடு இருந்தாரோ, அவ்வளவு அமைதியாகத் தம்மால் இருக்க முடிகிறது என்று அவர் சொன்னார். வேலை நேரம் வேறு, செப நேரம் வேறு என்ற பிரிவினை அவருக்கு இல்லாமல் போயிற்று.

இது எப்படி முடிந்தது? அவர் கையாண்ட வழி மிக எளிமையானது. அதை மூன்று செய்திகளாகச் சொல்லலாம்.

முதலாவது, வேலையைத் தொடங்கும்போது கடவுளிடம் ஒப்படைப்பது. ஆண்டவரே, இதை உமக்காகச் செய்கிறேன், கூட இருந்து உதவி செய்யும் என்று சுருக்கமாகக் கேட்டுக்கொள்வார். பெரிய வேலை, சிறிய வேலை என்ற வேறுபாடு அவரிடம் கிடையாது. சட்டியில் வேகின்ற முட்டை அடையைத் திருப்பிப் போட்டாலும் அதைக் கடவுள்மீது வைத்த அன்புக்காகவே திருப்பிப் போடுவாராம். தரையில் கிடக்கும் ஒரு வைக்கோல் துரும்பைக் குனிந்து எடுப்பதையும் அந்த அன்புக்காகவே செய்யலாம் என்பார். நம் வீட்டில் தோசையைத் திருப்பிப் போடுகின்ற கைக்கும் இது பொருந்தும் அல்லவா? வேலையின் அளவு எதுவாக இருந்தாலும், அதை எந்த அன்போடு செய்கிறோம் என்பதே கடவுளுக்கு முக்கியம் என்பது அவர் நம்பிக்கை.

இரண்டாவது, வேலைக்கு நடுவில் அடிக்கடி கடவுளை நினைத்துக் கொள்வது. அதற்கு நீண்ட செபம் வேண்டியதில்லை. செபத்தில் அதிகமாகப் பேசுவதையே அவர் அவ்வளவாக விரும்பவில்லை. செல்வர் வீட்டு வாசலில் பேச்சிழந்த ஓர் ஏழை சும்மா நின்றுகொண்டிருப்பதைப்போல், கடவுளின் முன்னால் நின்றாலே போதும் என்று ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். ஒரு நிரை முடித்து அடுத்த நிரைக்குப் போகும் நேரத்தில் ஒரு நினைவு. தண்ணீர்க் குழாயடியில் வாளி நிறையும் நேரத்தில் ஒரு நினைவு. தொழிற்சாலையில் இரவு வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கு, இயந்திரத்தின் இரைச்சலுக்கு நடுவில் ஒரு நினைவு. அதற்கு உதடுகூட அசைய வேண்டாம். இதற்காகக் குறித்த நேரத்துச் செபத்தை அவர் விட்டுவிட்டாரா என்றால், இல்லை. மடத்தின் ஒழுங்குப்படி அதையும் செய்துவந்தார்.

மூன்றாவதுதான் மிகவும் முக்கியமானது. மறந்துபோனால் மீண்டும் திரும்பி வருவது. நமக்கெல்லாம் செபத்தில் உட்கார்ந்தால் மனம் எங்கெங்கோ ஓடுகிறது. மளிகைக் கடைப் பாக்கி நினைவுக்கு வருகிறது. பக்கத்து வீட்டுக்காரி சொன்ன சொல் குத்துகிறது. எனக்குப் பக்தியே இல்லை போலும் என்று சலித்துக்கொண்டு பலர் செபத்தையே விட்டுவிடுகிறார்கள். லாரன்சுக்கும் மனம் ஓடியது. ஓடிய மனத்தை அவர் அடித்து இழுக்கவில்லை, மெதுவாகத் திருப்பிக் கொண்டுவந்தார். குற்றம் செய்துவிட்டால், ஆண்டவரே, நீர் கைவிட்டால் நான் இப்படித்தான் செய்வேன், விழாமல் தாங்கிக்கொள்ளும் என்று ஒளிவு மறைவில்லாமல் சொல்லிவிடுவார். பிறகு அதையே நினைத்து நினைத்து வாடமாட்டார், வேலையைப் பார்ப்பார். நடக்கப் பழகும் குழந்தை விழுந்தால் தாய் அதைத் தூக்கி நிறுத்துவாள். விழுந்ததை நினைத்து அந்தக் குழந்தை அங்கேயே உட்கார்ந்துவிடுவதில்லை.

இங்கே ஓர் உண்மையை மறைக்கக் கூடாது. இந்த அமைதி லாரன்சுக்கு ஒரே நாளில் வரவில்லை. மடத்தில் சேர்ந்த பிறகு ஏறக்குறையப் பத்து ஆண்டுகள் அவர் மனத்துக்குள் மிகவும் துன்பப்பட்டார். தம் பாவங்கள் கண்முன் நின்றன. கடவுள் தம்மை ஏற்றுக்கொள்ளமாட்டாரோ என்ற அச்சம் வாட்டியது. அவரே எழுதியிருக்கிறார். கடைசியில், இந்த வேதனை சாகும்வரை இருந்தாலும் இருக்கட்டும், எப்படி இருந்தாலும் கடவுளுக்காகவே வாழ்வேன் என்று தம்மை ஒப்புக்கொடுத்தார். அந்த நிலைக்கு வந்த பிறகுதான், எதிர்பாராத வேளையில், உள்ளத்தில் ஆழ்ந்த அமைதி பிறந்ததாம். அமைதிக்காகக் கடவுளைத் தேடியவரைக்கும் அது வரவில்லை. கடவுளுக்காகவே கடவுளைத் தேடியபோது அமைதி தானாக வந்து சேர்ந்தது. இன்று மனம் கலங்கி நிற்பவர்கள், கடவுள் என்னைக் கைவிட்டுவிட்டார் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். இலை உதிர்ந்த மரத்தையும் கடவுள் விட்டுப் போவதில்லை.

அமைதி வந்ததும் அவருடைய உடல் வருத்தம் தீர்ந்துவிட்டதா? அதுவும் இல்லை. அவர் கால் விந்தி நடப்பவர். ஒருமுறை மடத்துக்குத் திராட்சை இரசம் வாங்கப் பர்கண்டி என்ற பகுதிக்கு அவரை அனுப்பினார்கள். வாணிகம் தெரியாதவர், காலும் சரியில்லை. படகில் ஓரிடத்திலிருந்து மற்றோர் இடத்துக்குப் போக வேண்டுமானால், பீப்பாய்களின் மேல் உருண்டுதான் போக வேண்டியிருந்தது. ஆனாலும், இது உம்முடைய வேலை ஆண்டவரே என்று சொல்லிக்கொண்டு போனார், காரியமும் நல்லபடியாக முடிந்தது. பின்னாளில் நின்று சமைக்க முடியாமல் போனபோது, உட்கார்ந்து செருப்புத் தைக்கும் வேலைக்கு மாற்றினார்கள். அங்கேயும் அதே அமைதியோடுதான் இருந்தார். அடுப்பு மாறியது, ஊசி வந்தது, உடனிருந்த கடவுள் மாறவில்லை.

1691ஆம் ஆண்டு பிப்ரவரி 12ஆம் நாள் அவர் காலமானார். அவர் எழுதி வைத்தவை சில கடிதங்களும் சில குறிப்புகளுமே. அவரைச் சந்தித்து உரையாடிய போஃபோர் என்ற குருவானவர், அந்தப் பேச்சுகளைக் குறித்து வைத்து, கடிதங்களோடு சேர்த்து வெளியிட்டார். கத்தோலிக்கத் துறவி ஒருவரின் சொற்களை மெத்தடிஸ்டு இயக்கத்தைத் தோற்றுவித்த ஜான் வெஸ்லியும் தம் மக்களுக்காகச் சுருக்கி அச்சிட்டார். சபை வேற்றுமைகளைத் தாண்டி, இன்றும் உலகின் பல மொழிகளில் அந்தச் சமையல்காரரின் சொற்கள் படிக்கப்படுகின்றன.

நேயர்களே, முடிப்பதற்கு முன் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். உள்ள அமைதி என்பது அநியாயத்துக்குத் தலையாட்டுவது அன்று. உழைத்த கூலி குறைந்தால் கேட்க வேண்டியதுதான். குடித்துவிட்டு வந்து அடிக்கிறவரிடமிருந்து பிள்ளைகளைக் காக்க வேண்டியதுதான். உறக்கமும் பசியும் இல்லாமல் பல வாரங்கள் மனம் இருண்டு கிடந்தால், மருத்துவமனைக்குப் போக வேண்டியதுதான். கடவுள் உடன் இருக்கிறார் என்ற நம்பிக்கை அவற்றையெல்லாம் செய்யத் துணிவு தரும். தனியாகக் கேட்கிறோம், தனியாகப் போகிறோம் என்ற அச்சத்தைப் போக்கும்.

புனித பவுலும் இதற்கு ஒரு சான்று. அறிவுக்கு எட்டாத கடவுளின் அமைதி உங்கள் உள்ளங்களைக் காக்கும் என்ற கருத்தை அவர் பிலிப்பி நகரத்தாருக்கு எழுதினார். அதை அவர் எழுதியது மாளிகையில் அன்று, காவலில் இருந்தபோது. கதவு திறந்த பிறகு அமைதி வரட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை.

எனவே, நாளைக் காலையில் அடுப்பைப் பற்ற வைக்கும்போது ஒரு கணம் நின்று, ஆண்டவரே, நீர் இங்கேயே இருக்கிறீர் என்று மனத்துக்குள் சொல்லிப் பாருங்கள். காட்டுக்குப் போகும் வழியில் இன்னொரு முறை சொல்லுங்கள். மறந்துபோனால் கவலை வேண்டாம். நினைவு வந்ததும் திரும்பி வாருங்கள். பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள். பள்ளிப் பாடத்துக்கு நடுவிலும், பந்து விளையாட்டுக்கு நடுவிலும் அவர்களும் நினைக்கலாம்.

கடவுளைத் தேடிக்கொண்டு வேலையை விட்டு ஓட வேண்டியதில்லை. நாம் வேலைக்குப் போய்ச் சேருமுன்பே அவர் அங்கே இருக்கிறார்.