தோட்டத்துப் பழைய எஞ்சினுக்கு உதிரிபாகம் தேடுவது எப்படி?

நம் கொங்கு நாட்டில் தோட்டம் என்றால் பூந்தோட்டம் மட்டுமன்று. கிணற்றுப் பாசன நிலமும் தோட்டமே. மாடுகள் கவலை இறைத்த கிணறுகளில் பின்னர் ஆயில் எஞ்சின் வந்தது. மின்மோட்டார் வந்ததும் பல எஞ்சின்கள் மூலையில் ஒதுங்கின. ஆனால் மின்சாரம் நின்றபோது பயிரைக் காப்பது அதுவே. "பாகம் கிடைக்காது" என்று பழைய இரும்புக்குப் போடுமுன் சற்றுப் பொறுப்போம்.

முதலில் பெயர்த்தகட்டை மண்ணெண்ணெயால் துடைத்து, கம்பெனி, குதிரைசக்தி, சுற்று வேகம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்வோம். இங்கிலாந்தின் டர்ஸ்லி ஊரில் லிஸ்டர் கம்பெனி 1929-இல் வெளியிட்ட டீசல் எஞ்சினின் அமைப்பிலேயே, குஜராத்தின் ராஜ்கோட் பட்டறைகள் எஞ்சின்களும் பாகங்களும் செய்து வருகின்றன. ஆகவே சீமை எஞ்சினுக்கும் பிஸ்டன் ரிங், வால்வு முதலியவை நம் நாட்டிலேயே கிடைக்கும். அளவு சிறிது மாறலாம். பழைய பாகத்தைக் கையோடு கொண்டுபோய் ஒப்பிட வேண்டும்.

பம்பின் பேரிங்குக்கு எண்ணே போதும். 6205 என்றால், கடைசி இரண்டு இலக்கங்களை ஐந்தால் பெருக்குக: உள்விட்டம் 25 மில்லிமீட்டர். எந்த நாட்டில் செய்தாலும் அளவு ஒன்றே!

புஷ், பின் போன்றவற்றை லேத்தில் கடைந்துகொள்ளலாம். ரிக் வண்டிகளுக்குப் பேர்போன திருச்செங்கோட்டில் லேத் பட்டறைக்குப் பஞ்சமில்லை. டீசல் பம்பும் நாசிலும் மிக நுண்ணிய வேலை. அவற்றைப் புதிதாக வாங்குவதே நன்று.

எஞ்சினின் நாடியை அறிந்தவர்கள் நம் தாத்தாமார்கள். அவர்கள் சொல்வதை இப்போதே நோட்டில் எழுதி வைப்போம். பாகத்தை நாளையும் தேடலாம். அந்த அனுபவத்தைப் பிறகு தேட முடியாது.