ரயிலில் பெட்டி பறிபோனால்…

புனேயிலிருந்து ஊருக்குக் கிளம்பும் நம்மவர் பலர், இணையத்தில் டிக்கெட் எடுக்கையில் ஒரு ரூபாய்க்கும் குறைவாகக் கட்டும் இன்ஷூரன்ஸ் பெட்டிக்கும் சேர்த்துத்தான் என்று எண்ணுகிறார்கள். அப்படியல்ல. விபத்தில் உயிரிழப்பு, ஊனம், காயம் இவற்றுக்கே அது உதவும்.

ரயில்வேயும் எளிதில் நஷ்டஈடு தராது. கையோடு கொண்டுபோகும் சாமான் தொலைந்தால், ஊழியரின் அலட்சியத்தை நிரூபிக்க வேண்டும் என்கிறது 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 100-வது பிரிவு. ஒரு லட்சம் ரூபாய் பறிகொடுத்த பயணியின் வழக்கில், அது ரயில்வேயின் சேவைக் குறைபாடு ஆகாது என்று 2023 ஜூனில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது.

சாமான்களுக்கென்று தனி இன்ஷூரன்ஸ் எடுத்தவர்கள் பணம் கேட்கலாம். அதற்குப் போலீஸ் புகார் நகலும் பொருள் வாங்கிய பில்லும் தேவை. புகார் கொடுப்பதற்காக தவுண்டிலோ சோலாப்பூரிலோ இறங்கி வண்டியை விட வேண்டாம். டி.டி.இ.யிடமோ வண்டியில் வரும் போலீஸாரிடமோ படிவம் வாங்கி எழுதிக் கொடுக்கலாம். 139 எண்ணுக்கும் சொல்லலாம். அந்த நகல் இருந்தால் திருட்டுப் போன செல்போனை ‘சஞ்சார் சாத்தி’ தளத்தில் முடக்கிவிடலாம்.

போன துணிமணியை ஊரில் ஆடித் தள்ளுபடியிலோ, இங்கே துளசிபாக்கில் பேரம் பேசியோ வாங்கிக்கொள்ளலாம். அசல் சர்டிபிகேட் எந்தக் கடையிலும் கிடைக்காது. பெட்டியில் நகல் மட்டும் இருக்கட்டும்.